வெற்றுக் கதிரைகளும் சொந்த மைதானமும்

2021 மார்ச் 7 ஆம் திகதி லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகம் தனது அன்பீல்ட் மைதானத்தில் புல்ஹாம் அணியிடம் 0-1 எனத் தோற்றது. தரம் இறங்கும் ஆபத்தில் இருந்த ஓர் அணியிடம், முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் சம்பியனாக வந்த அணி தோற்பது அபூர்வம்தான் என்றாலும் நடக்காத ஒன்றல்ல. ஆனால் அது அந்த மைதானத்தில் லீக் போட்டிகளில் அவர்களுக்கு ஏற்பட்ட தொடர்ச்சியான ஆறாவது தோல்வி. கழகத்தின் வரலாற்றில் அப்படியொன்று அதற்கு முன்னர் நடந்ததே இல்லை.

அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புவரை நிலைமை நேர்மாறாக இருந்தது. 2017 ஏப்ரலில் இருந்து 68 லீக் போட்டிகளில் அன்பீல்டில் லிவர்பூலை எந்த அணியாலும் வெல்ல முடியவில்லை. 2021 ஜனவரி 21 இல் பேர்ன்லி அணி ஒரு பெனால்டி கோலினால் அந்தச் சாதனையை முடித்து வைத்தது. அதன் பிறகு பிறைட்டன், மன்செஸ்டர் சிற்றி, எவேர்ட்டன், செல்சி, புல்ஹாம் என்று வந்தவர்கள் எல்லோரும் வென்றுவிட்டுப் போனார்கள். எவேர்ட்டன் அங்கே வென்றது 1999 இற்குப் பிறகு அதுவே முதற்தடவை. ஆறு போட்டிகளிலும் சேர்த்து லிவர்பூல் போட்டது ஒரேயொரு கோல். அதுவும் பெனால்டி.

அந்த ஆறு போட்டிகளிலும் அரங்கில் ஒரு ரசிகர்கூட இல்லை. கோவிட் பெருந்தொற்றுக் காரணமாக வாயில்கள் பூட்டப்பட்டிருந்தன. லிவர்பூலின் சரிவுக்கு வெற்று அரங்குதான் காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள். அது எந்தளவுக்கு உண்மை? ரசிகர்கள் இல்லாதபோது ஓர் அணியிடம் இருந்து உண்மையில் பறிபோவது எது? இதற்குப் பதில் தேடும்போது உதைபந்தாட்டத்தைத் தாண்டி, "சொந்த இடம்" என்று நாம் சொல்வதன் பொருள் பற்றியும் கொஞ்சம் தெரிய வருகிறது.

காயங்களா, வெறுமையா?

எளிதான விடையில் இருந்து தொடங்குவோம். அந்தப் பருவத்தில் லிவர்பூலின் பின்கள வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைந்தனர். 2020 ஒக்டோபரில் வேர்ஜில் வான் டைக், நவம்பரில் ஜோ கோமஸ், ஜனவரி இறுதியில் ஜோயல் மட்டிப். நடுக்கள வீரர்களைப் பின்களத்தில் நிறுத்தி விளையாட வேண்டியிருந்தது. ஆகவே தோல்விக்குக் காயங்களே போதுமான காரணம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் அதே ஏழு வாரங்களில் அதே காயப்பட்ட அணி வெளியூர்களில் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். ரொட்டன்ஹாமை அவர்களது மைதானத்திலேயே 3-1 என வென்றது. வெஸ்ட்ஹாமை 3-1 எனவும் ஷெபீல்ட் யுனைட்டட்டை 2-0 எனவும் வென்றது. தோற்றது லெஸ்டரிடம் மட்டும்தான். வெளியில் நான்கு லீக் போட்டிகளில் மூன்று வெற்றி, சொந்த மைதானத்தில் ஆறுக்கு ஆறும் தோல்வி. காயங்கள் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இரண்டு இடங்களிலும் அணி ஒரேமாதிரித் தடுமாறியிருக்க வேண்டும்.

வெற்று அரங்கு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. 2020 ஜூனில் போட்டிகள் மீண்டும் தொடங்கியதில் இருந்து லிவர்பூல் பல லீக் போட்டிகளை ஆளில்லாத அன்பீல்டில் விளையாடி, ஒன்றிலும் தோற்காமலேயே இருந்தது. வெறுமை முதல் நாளிலேயே அந்த அணியை வீழ்த்திவிடவில்லை. அணி முழுப் பலத்தோடு இருந்தவரை அது தெரியவே இல்லை. பலம் குறைந்து, கோல் வராமல், பதற்றம் கூடிய நாட்களில்தான் அது வெளியே தெரிந்தது. வழமையாக அப்படியான நாளில் எழுபதாவது நிமிடத்தில் அரங்கின் ஒரு பக்கம் பாடத் தொடங்கும். எதிரணிப் பின்கள வீரர் அவசரப்பட்டுப் பந்தை வெளியே அடிப்பார். கோணர் உதை ஒன்று கிடைக்கும். அந்தத் தாங்குதல்தான் அப்போது இருக்கவில்லை. நன்றாக இருக்கும்போது சுற்றத்தாரின் தேவை தெரிவதில்லை, இடறும்போதுதான் தெரிகிறது.

அடுத்த பருவத்தில் அரங்கு மீண்டும் நிறைந்தது. காயப்பட்டவர்களும் திரும்பி வந்தார்கள். 2021-22 இல் லிவர்பூல் அன்பீல்டில் 19 லீக் போட்டிகளில் 15 ஐ வென்று நான்கைச் சமன் செய்தது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஒரு அணியின் கதை மட்டுமல்ல

ஒரு கழகத்தின் கதையை வைத்துப் பொதுவான முடிவுக்கு வர முடியாது. ஆனால் பெருந்தொற்று ஆய்வாளர்களுக்கு முன்னொருபோதும் கிடைக்காத வாய்ப்பு ஒன்றைக் கொடுத்தது. ஒரே அணிகள், ஒரே மைதானங்கள், ஒரே விதிகள். மாறியது ஒன்றேயொன்று: ரசிகர்கள் இல்லை.

பெரிய லீக்குகளில் முதலில் திரும்பியது ஜேர்மனியின் புண்டஸ்லீகா. 2020 மே 16 இல் போட்டிகள் மீண்டும் தொடங்கின. டொட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கும் "மஞ்சள் சுவர்" அன்று வெறும் சீமெந்துப் படிகளாகக் கிடந்தது. அன்று டொட்முண்ட் ஷால்க அணியை 4-0 என வென்றது. ஆனால் அந்த முதற்சுற்றின் ஒன்பது போட்டிகளில் சொந்த மைதானத்தில் வென்ற ஒரே அணியும் அதுதான். மற்ற எட்டில் ஐந்தை வெளியூர் அணிகள் வென்றன, மூன்று சமநிலையில் முடிந்தன.

இங்கிலாந்தின் 2020-21 பிறீமியர் லீக் பருவம் இன்னும் தெளிவானது. 380 போட்டிகளில் சொந்த அணிகள் 144 ஐயும் வெளியூர் அணிகள் 153 ஐயும் வென்றன. 1888 இல் தொடங்கிய ஆங்கில லீக்கின் முதற்தரப் பிரிவில், ஒரு முழுப் பருவத்தில் வெளியூர் வெற்றிகள் சொந்த ஊர் வெற்றிகளைத் தாண்டியது அதுவே முதற்தடவை. எவேர்ட்டன் வெளியில் 11 போட்டிகளையும் சொந்த மைதானத்தில் ஆறை மட்டுமே வென்றது. மன்செஸ்டர் யுனைட்டட் அந்தப் பருவம் முழுவதும் வெளியில் ஒரு லீக் போட்டியில்கூடத் தோற்கவில்லை. இவையெல்லாம் பெரும்பாலும் பூட்டிய வாயில்களுக்குள் நடந்தவை. இடையிடையே சில போட்டிகளுக்கு 2,000 பேரும், கடைசி இரு சுற்றுகளில் கூடியது 10,000 பேரும் அனுமதிக்கப்பட்டனர்.

பிரித்தானிய ஆய்வாளர்கள் சிலர் 11 நாடுகளின் 15 லீக்குகளில் நடந்த 4,844 போட்டிகளை எடுத்துப் பார்த்தனர். ரசிகர்கள் இல்லாத போட்டிகளில் சொந்த மைதானம் தரும் அனுகூலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இங்கே "பாதி" என்பதைக் கவனிக்க வேண்டும். ரசிகர்கள் போனதும் அனுகூலம் முழுவதும் போய்விடவில்லை. பழகிய புல்தரை, சொந்தப் படுக்கையில் தூக்கம், பயணக் களைப்பு இல்லாமை ஆகியன மிச்சமாக இருந்தன. மற்றப் பாதியைத்தான் ரசிகர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

விசில் யாருடைய கையில்?

அந்தப் பாதி எப்படி வேலை செய்கிறது? ரசிகர்களின் ஆரவாரம் வீரர்களின் கால்களுக்கு வலுவூட்டுகிறது என்பதே பொதுவான நம்பிக்கை. ஆய்வுகள் முதலில் காட்டுவது வேறொருவரை. அவர் நடுவர்.

2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அன்பீல்டில் லிவர்பூலும் லெஸ்டரும் மோதிய போட்டியொன்றின் 47 காட்சிகள் தகுதிபெற்ற 40 நடுவர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டன. ஒரு பகுதியினருக்கு அரங்கின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகவே தவறுகளை அறிவித்தனர். சத்தம் அவர்களைத் தீர்ப்பில் தடுமாறச் செய்தது. அந்தத் தடுமாற்றத்தின் இலாபம் சொந்த அணிக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்தும் இடத்தில் ஒரு மனிதனின் கை சற்றுத் தயங்கினாலே போதும்.

ஸ்பெயினில் செய்யப்பட்ட இன்னோர் ஆய்வு மேலதிக நேரத்தைக் கணக்கிட்டது. சொந்த அணி ஒரு கோலினால் பின்தங்கியிருக்கும்போது நடுவர்கள் வழங்கிய மேலதிக நேரம், அதே அணி ஒரு கோலினால் முன்னணியில் இருக்கும்போது வழங்கியதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இத்தாலிக்கு இந்த அனுபவம் பெருந்தொற்றுக்கு முன்னரே வாய்த்தது. 2007 பெப்ரவரியில் கட்டானியாவில் நடந்த போட்டியின்போது மூண்ட கலவரத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். பாதுகாப்பு வசதிகள் போதாத அரங்குகளில் ரசிகர்கள் இல்லாமல் விளையாட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அப்படி நடந்த 21 போட்டிகளைச் சுவீடனைச் சேர்ந்த இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தனர். வீரர்களின் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. மாறியது நடுவர்களின் தீர்ப்பு. ரசிகர்கள் இல்லாதபோது சொந்த அணிக்குக் காட்டப்படும் தாட்சண்யம் காணாமல் போயிருந்தது. பெருந்தொற்றுக் காலத் தரவுகளும் இதையே சொன்னன. வழமையாக வெளியூர் அணிக்கே மஞ்சள் அட்டைகள் கூடுதலாகக் கிடைக்கும். வெற்று அரங்குகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது.

வீரர்களிடம் மாற்றமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆளில்லாத அரங்குகளில் தகராறுகளும் வாக்குவாதங்களும் உணர்ச்சிவசப்படும் தருணங்களும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டனர். பார்ப்பதற்கு ஆளில்லாதபோது நடுவரிடம் போய்ச் சண்டை பிடிப்பதும் குறைகிறது. ஆட்டம் அமைதியாகிறது. நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் அதே அமைதிதான் பின்தங்கிய அணியைக் கடைசிப் பத்து நிமிடங்களில் உந்தித் தள்ளும் வேகத்தையும் எடுத்துக்கொண்டு போனது.

அக்காலத்தில் வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வெறுமை பாதிதான் தெரிந்தது. இங்கிலாந்தில் தொலைக்காட்சி நிறுவனங்கள் காணொளி விளையாட்டுக்காகப் பதிவுசெய்யப்பட்ட ரசிகர் சத்தத்தை ஒளிபரப்பில் சேர்த்தன. ஸ்பெயினில் கதிரைகளின் மேல் கணினியால் வரைந்த கூட்டம் காட்டப்பட்டது. பார்வையாளனுக்குத் தேவைப்பட்டது ஒரு பின்னணி ஒலி. அது செயற்கையாகக் கிடைத்தது. களத்தில் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது அதுவல்ல. அவர்கள் கேட்டது தங்கள் பயிற்றுநரின் குரலையும் பந்தில் கால் படும் ஓசையையும் மட்டுமே. இயந்திரத்தின் கைதட்டலுக்கு எந்த நடுவரும் தயங்குவதில்லை, எந்த வீரரும் வெட்கப்படுவதில்லை.

போர் பூட்டிய வாயில்கள்

இதுவரை பேசியது நோய் மூடிய அரங்குகளைப் பற்றி. அந்த வெறுமையில் ஒரு சமத்துவம் இருந்தது. எல்லா அணிகளும் சொந்த மைதானத்தின் பலத்தை இழந்தன. எல்லா அணிகளும் வெளியூரில் எதிர்ப்புக் குரல் இல்லாமல் விளையாடின. இழந்ததை வெளியில் ஈடுசெய்ய வழி இருந்தது. ஓர் ஆண்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கதவுகள் திறந்தன. போர் மூடும் அரங்குகள் அப்படியல்ல.

உக்ரேனின் ஷக்தார் டொனெட்ஸ்க் கழகம் 2009 இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசனங்களோடு டொன்பஸ் அரங்கைத் திறந்தது. 2012 ஐரோப்பியக் கிண்ணத்தின் அரையிறுதிப் போட்டி ஒன்று அங்கே நடந்தது. 2014 மே மாதத்தில் ஷக்தார் அங்கு தன் கடைசிப் போட்டியை விளையாடியது. அந்த ஆண்டே கிழக்கு உக்ரேனில் போர் மூண்டது. ஓகஸ்டில் அரங்கு எறிகணை வீச்சில் சேதமடைந்தது. பின்னர் சில ஆண்டுகள் அந்தக் கட்டடம் பொதுமக்களுக்கு நிவாரணப் பொதிகள் வழங்கும் களஞ்சியமாக இயங்கியது.

கழகம் நாட்டின் மறுகோடியில், ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள லிவிவ் நகரின் அரங்கைத் தன் "சொந்த மைதானம்" ஆக்கிக்கொண்டது. அதுவரை தொடர்ந்து ஐந்து பருவங்கள் சம்பியனாக இருந்த அணி, இடம்பெயர்ந்த முதற் பருவத்திலேயே பட்டத்தை டைனமோ கியேவிடம் இழந்தது. அடுத்த பருவத்திலும் இழந்தது. 2017 இல் டொனெட்ஸ்கிற்குக் கிட்டவாக உள்ள கார்கிவ் நகருக்கு மாறியது. அந்தப் பருவத்தில் இருந்து தொடர்ந்து நான்கு பட்டங்கள் வென்றது. 2017-18 சம்பியன்ஸ் லீக்கில் நாப்போலி, பெயநூர்ட், மன்செஸ்டர் சிற்றி ஆகிய மூன்று அணிகளையும் கார்கிவில் வைத்து வென்றது.

இதில் மைதானமும் ரசிகர்களும் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கழகத்துக்குப் பெரும் செல்வந்தர் ஒருவரின் பணமும், பிரேசிலில் இருந்து வந்த திறமையான வீரர்களும் இருந்தார்கள். இடம்பெயர்ந்த எல்லோருக்கும் அந்த வசதி கிடைப்பதில்லை. ஆனாலும் ஒன்றைக் காணலாம். சொந்த ஊர் இல்லாவிட்டாலும், தம்மை ஏற்றுக்கொள்ளும் கூட்டம் ஒன்று கிடைத்த இடத்தில் அந்த அணி காலூன்றியது.

2022 பெப்ரவரியில் ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியதும் அதுவும் போயிற்று. லீக் நடுவழியில் கைவிடப்பட்டது. செர்னிகிவ் நகரின் அரங்கு குண்டுவீச்சில் சிதைந்தது. அந்நகரின் டெஸ்னா கழகமும் மரியுபோல் கழகமும் லீக்கில் இருந்து விலகின. 2022 ஓகஸ்ட் 23 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கியேவின் ஒலிம்பிக் அரங்கில் ஷக்தாருக்கும் மெற்றலிஸ்ட் 1925 அணிக்கும் இடையிலான போட்டியோடு லீக் மீண்டும் தொடங்கியது. கோல் எதுவும் விழவில்லை. பார்க்க ரசிகர்களும் இல்லை. தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் வீரர்கள் பதுங்குமிடத்துக்குப் போவார்கள், ஓய்ந்ததும் திரும்பி வருவார்கள். அந்த முதல் வாரத்தில் லிவிவ் நகரில் நடந்த போட்டியொன்று இப்படி நின்று நின்று முடிய நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் குளிர்ந்துபோன தசைகளை மீண்டும் சூடாக்கி, அறுந்த கவனத்தை மீண்டும் பிடித்து விளையாட வேண்டும். சால்ஸ்பேர்க்கில் அளந்ததுபோல இதை எந்த அளவுகோலாலும் அளந்துவிட முடியாது.

ஐரோப்பியப் போட்டிகளில் நிலைமை இன்னும் சமனற்றது. உக்ரேனில் இப்போட்டிகள் நடப்பதில்லை. வான்பரப்பு மூடியிருப்பதால் அணிகள் பேருந்திலும் ரயிலிலும் எல்லை கடந்துதான் விமானம் ஏற வேண்டும். எதிரணி தன் ஊரில் நிறைந்த அரங்கில் விளையாடும். உக்ரேனிய அணிக்கோ சொந்த மைதானம் என்று எழுதப்பட்டிருக்கும் போட்டியும் வெளியூர்ப் போட்டிதான். பெருந்தொற்றுக் காலத்தில் இரு பக்கமும் குறைந்தது இங்கே ஒரு பக்கம் மட்டுமே குறைகிறது.

இருந்தும் 2023 நவம்பர் 7 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஷக்தார் பார்சிலோனாவை 1-0 என வென்றது. அன்று அரங்கில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். போரினால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உக்ரேனியர் ஜேர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த காலம் அது. அந்த ஊரில் அந்த அணிக்கு வேரேதும் இல்லை. ஆனால் பந்து கிடைத்தபோதெல்லாம் எழுந்து நிற்க ஆட்கள் இருந்தார்கள்.

எதை எண்ணுகிறோம்?

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கிறது. ரசிகர்கள் இல்லாமை ஒரு நல்ல அணியைத் திடீரென்று மோசமான அணியாக்குவதில்லை. அது அந்த அணிக்கு இருந்த தாங்குதலை எடுத்துவிடுகிறது. நடுவரின் சந்தேகம் இனி அதன் பக்கம் சாயாது. எதிரணியின் பதற்றம் இனி அதற்கு உதவாது. தளரும் நேரத்தில் பின்னால் இருந்து தள்ளிவிட யாரும் இருக்க மாட்டார்கள். அன்பீல்டின் புல்தரை 2021 இலும் அதே புல்தரைதான். ஆட்கள் இல்லாதபோது அது எவருக்கும் பொதுவான ஒரு தரையாகிவிட்டது. ஹம்பேர்க்கின் தரை ஷக்தாருக்கு அந்நியமானது. ஆட்கள் வந்தபோது ஒரு மாலைப்பொழுதுக்கு அது அவர்களுடையதாயிற்று. ஊரைவிட்டு எழும்பிப்போய் வேறிடத்தில் அடுப்பு மூட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போரின் பின்னைய ஆண்டுகளில் உக்ரேனின் சில நகரங்களில் ரசிகர்களை மீண்டும் அரங்குக்குள் விடத் தொடங்கினார்கள். எத்தனை பேரை விடலாம் என்பதை அங்கே ஆசனங்களின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. அரங்கையொட்டிய பதுங்குமிடங்களில் எத்தனை பேர் அடங்குவார்களோ, அத்தனை பேருக்குத்தான் அனுமதி.